வெளிச்சத்துக்கு முதுகு

நேற்று சாயங்காலம் கரண்ட் போனபோது, மகள் செல்போன் டார்ச்சை எரியவிட்டு, வெளிச்சம் மேலே பார்க்கும்படி வெள்ளை டைல்ஸ் தரையில் வைத்தாள். எங்கிருந்தோ ஒரு விட்டில் பூச்சி வந்தது. வெளிச்சத்துக்கு நேர் மேலே வந்ததும் சட்டென்று புரண்டு, வயிறு மேலே, முதுகு கீழே என்றாகித் தரையில் விழுந்தது. எழுந்து பறந்தது, மறுபடி புரண்டு விழுந்தது. எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. போயும் போயும் ஒரு பூச்சியைப் பார்த்தா என்னை நினைத்தாய் என்று நீ சண்டைக்கு வருவாய். வா, வந்தால் நல்லதுதான்.

மகள் காலேஜில் உயிரியல் படிக்கிறாள். பூச்சி ஒன்றும் வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு வருவதில்லை என்றாள். இரவில்கூட மண்ணைவிட வானம்தான் கொஞ்சம் வெளுப்பு. அந்த வெளுப்பான பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டால் போதும், பூச்சி நேராகப் பறக்கும். காலங்காலமாக அந்தக் கணக்கு தப்பியதில்லை. நாம் விளக்கைக் கண்டுபிடித்து அதைக் குழப்பிவிட்டோம். பக்கத்தில் விளக்கு இருந்தால் அதற்கே முதுகைத் திருப்பித் திருப்பிச் சுற்றிச் சுற்றி வருகிறது. விளக்கு கீழே இருந்தால் தலைகீழாகப் புரண்டு விழுகிறது. மெதுவாக ஓடும் வீடியோ ஒன்றும் காட்டினாள். என் கண் அதில் இல்லை. மரக்காணம் உப்பளத்தில் உப்புக் குவியல்மேல் மல்லாந்து கிடந்த விட்டில்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுனாமி அலை வந்து பாத்தியெல்லாம் சேறாகி, அதை வழித்துச் சீர்செய்து மறுபடி உப்பு வாரத் தொடங்கிய வருஷம் அது. பெருமுக்கல் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் நீ, உள்ளூர்க்காரி நான். தலையில் உப்புக்கூடையோடு வரப்பின்மேல் வரிசையாக நடப்போம். அதற்கு முந்தின மழைக்காலத்தில் உனக்குப் பெரிய காய்ச்சல் ஒன்று வந்துபோயிருந்தது. காதுக்குள் இருக்கிற நிதானம் போய்விட்டது, இனி திரும்பாது என்று திண்டிவனத்தில் டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். காதுக்கும் காலுக்கும் என்னடி சம்பந்தம் என்று நான் சிரித்தேன்.

விடியாத இருட்டில் நடந்தால் தடுமாறுவாய். உச்சி வெயிலில் பாத்தி கீழேயிருந்து கண்ணைக் கூசும்போது இன்னும் மோசம். "மேல எது, கீழ எதுன்னே தெரியலடி" என்பாய். இரண்டு முறை கூடையோடு விழுந்தாய். மேஸ்திரி அத்தனை பேர் முன்னால், "காலையிலயே ஊத்திக்கினு வர்றியா? இன்னொரு வாட்டி விழுந்தா வூட்லயே இருந்துக்கோ" என்றுவிட்டார். உன் வீட்டில் அந்த வேலையை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. அதற்குப் பிறகுதான் நீ என் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தாய், ஒரு விரலை என் தோளில் வைத்துக்கொண்டு.

உப்புத் தண்ணீர் வடிந்து என் தோளெல்லாம் புண். "கைய எடுடி, எரியுது" என்று சிடுசிடுப்பேன். விரலைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்வாயே தவிர எடுக்கமாட்டாய். "புடிச்சிக்கலடி. பட்டுக்கினு இருந்தா போதும், நேரா நின்னுக்குவேன்." அந்தப் பருவம் முழுக்க நீ விழவில்லை. என்னவோ என்மேல் உனக்கு அப்படியொரு பிரியம் என்று நினைத்து, உள்ளூரக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒரு நாள் பொழுது சாயும்போது உப்பு ஏற்ற லாரி வந்தது. ஒயரை இழுத்து, பல்பை உப்புக் குவியல் ஓரத்தில் தரையிலேயே வைத்தார்கள். விட்டில்கள் பொத்துப் பொத்தென்று உப்பில் விழுந்தன. பொறுக்கி எறிவது நம் வேலையாயிற்று. "வெளிச்சத்துக்கு ஆசப்பட்டு எப்டி சாவுது பாரு" என்றேன். நீ குனிந்து பார்த்துவிட்டு, "ஆச இல்லடி. எனக்கு வர்ற மாதிரிதான் அதுக்கும் வருது. மல்லாக்கத் திரும்புது பாரு" என்றாய். பூச்சிக்கும் மயக்கமா, அதையும் திண்டிவனம் டாக்டரிடம் கூட்டிப்போ என்று எல்லாரும் உன்னை ஓட்டினோம். நான்தான் அதிகம் ஓட்டினேன். நீ கண்டுகொள்ளாமல் போய், "பல்ப மேல மாட்டுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தாய். கம்பத்தில் கட்டிய பிறகு உப்பில் விழுவது குறைந்தது.

அடுத்த வருஷம் பாண்டிச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை கிடைத்தது. "போடி, நிழல்ல நிக்கிற வேல யாருக்குக் கெடைக்கும்?" என்று என்னைவிட நீதான் சந்தோஷப்பட்டாய். உனக்கு இனி யார் தோள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நான் போன கொஞ்ச நாளில் நீ மறுபடி விழுந்ததும், மேஸ்திரி உன்னை நிறுத்திவிட்டதும் அப்புறம்தான் தெரிந்தது.

மழைக்கு முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தேன். சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து டீ போட்டுக் கொடுத்தாய். கிளம்பும்போது வெளிச்சம் மங்கியிருந்தது. வேண்டாம் என்றாலும் கேட்காமல், "நீ முன்னாடி நட, நான் வர்றேன்" என்று பஸ் ஸ்டாப் வரை வந்தாய். மெயின் ரோடு வரைக்கும் அளத்து வரப்புதான் வழி. பழையபடி உன் விரல் என் தோளில். என் புதுச் செருப்பைக் கிண்டல் செய்துகொண்டே வந்தாய். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

பஸ் வந்ததும் ஏறி, ஜன்னல் வழியாகக் கையாட்டினேன். நீ ஆட்டவில்லை. பஸ் ஸ்டாப் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாய். விட்டுவிட்டுப் போகிறேன் என்று கோபம் போலிருக்கிறது என நினைத்தேன். எனக்கும் ரோஷம் வந்தது. பொங்கலுக்கு வந்து சமாதானம் செய்துகொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் மறுபடி காய்ச்சல் கண்டு நீ போய்விட்டாய்.

சாவுக்கு வந்தபோது உன் வீட்டுக்காரர் சொன்னார்: "உன்ன பஸ் ஏத்திட்டு வந்த அன்னிக்கு அதுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சி ரத்தம்மா. சேலையெல்லாம் சேறு. இன்னா ஆச்சின்னு கேட்டா, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு சிரிக்குது." எங்கேயோ தடுக்கி விழுந்திருப்பாய் என்று நானும் விட்டுவிட்டேன்.

நேற்றுதான் புரிந்தது, நீ விழவில்லை. திரும்பும் வழியில் தொட்டுக்கொள்ள ஒரு தோள் இருக்காது என்று தெரிந்தேதான் என்னோடு வந்திருக்கிறாய். கையாட்டினால் விழுந்துவிடுவாய் என்று பிடித்திருந்த கம்பியை, பஸ் மறைந்த பிறகு விட்டுவிட்டு, அந்த இருட்டில் வரப்பு முழுக்கத் தவழ்ந்தே வீடு போயிருக்கிறாய். நானோ இத்தனை வருஷமாக, நீ கடைசியில் என்மேல் கோபமாக இருந்தாய் என்றே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.