ஒரு வாய்ப் பால்

பர்மெத் அக்காவுக்கு,

உங்களிடம் விட்டுவந்த என் மகள் சைக்கால் மாட்டுப்பாலைத் துப்பிவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவளுக்கு ஒரு வயது முடிந்த அன்றே என் மாமியார் சண்டைக்கு வந்தது நினைவிருக்கிறதா? "இனிமே உன் பால் வெறும் தண்ணி. மாட்டை எதுக்குக் கட்டி வெச்சிருக்கோம்?" என்றார். நர்ஸிடம் கேட்டேன். "நீ பால் குடுத்துட்டு, சாப்பாடும் ஊட்டினா, மாட்டுப்பால் கட்டாயமில்லம்மா" என்றார். நான்தான் ஜெயித்தேன். அதற்கு மூன்றாம் மாதமே நம் நாரின் ஊரிலிருந்து மாஸ்கோவுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

இங்கே ஓட்டலில் தட்டு கழுவுகிறேன். முதல் வாரமெல்லாம் மார்பில் சட்டை நனைந்துகொண்டே இருந்தது. இப்போது நனைவதில்லை.

"என் பையனுக்குக் குடுக்கிறப்ப இவ பார்த்துக்கிட்டே நிக்கிறா. இவளுக்கும் ஒரு வாய் குடுக்கட்டுமாடி? ஆனா குடுத்துட்டா நம்ம வழக்கப்படி ரெண்டும் அண்ணன் தங்கச்சி ஆயிடும், நாம சம்பந்தி ஆக முடியாது" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுங்கள் அக்கா. எப்போதும் மூக்கு ஒழுகும் உங்கள் பையனை விட்டால் என் மகளுக்கு வேறு மாப்பிள்ளையா கிடைக்கமாட்டான்?

பால் கொடுத்தவளையும் அம்மா என்றுதானே நம் ஊரில் கூப்பிடுவார்கள். அவள் அப்படிக் கூப்பிட்டால், என் படத்தைக் காட்டித் திருத்த வேண்டாம்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்