இரண்டாவது கையெழுத்து

அன்புள்ள உனக்கு,

நேற்றோடு சீனியர் வக்கீல் ஆபீசிலிருந்து விலகிவிட்டேன். நல்லபடியாகத்தான். மூன்று வருடம் தொழில் பழகிய இடம் என்பதால் பழத்தட்டும் சால்வையும் வாங்கிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வழக்குக் கட்டின் மேலும் அடுத்த வாய்தா தேதியை எழுதி வைத்தேன். குமாஸ்தா அண்ணாச்சி கண் கலங்கிவிட்டார்.

புன்னைக்காயலில் இப்போது காற்று அதிகமா? பிள்ளைக்கு இருமல் நின்றதா?

துறைமுகத்தில் கிரேன் கம்பி அறுந்து உன் வீட்டுக்காரர் போனபோது, "ஏளா, வேற வக்கீல பாக்காத, நான் இருக்கேன்" என்று சொன்னேன். அதற்காகத்தான் விலகினேன். சீனியரிடம் காரணம் சொல்லவில்லை. அவரே அந்தக் கிரேன் கம்பெனியின் கட்டை எடுத்துப் பிரித்தார்.

"இதுக்குத்தானம்மா போற? வக்காலத்தப் பாரு."

நாம் வழக்குப் போடும் முன்பே, தனக்காக வாதாடச் சொல்லி கம்பெனி அவருக்கு வக்காலத்துக் கொடுத்து வைத்திருக்கிறது. சீனியர் கையெழுத்துக்குக் கீழே என்னுடையது. ஜூனியர்கள் நாங்கள் அடுக்காக வரும் வக்காலத்துகளில் படிக்காமலே போடுவோம். அவர்களுக்காகப் போட்டவள் இனி உனக்காகக் கோர்ட்டில் நிற்க முடியாது.

"நல்லா வருவ," என்று நான் வாங்கிப்போன சால்வையை எனக்கே போர்த்திவிட்டார்.

கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியும் இருந்தது. முப்பதாம் நாள் பூசைக்கு உன் வீட்டுக்கு வந்து திரும்பினேனே, அதற்கு மறுநாள்.

இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு வக்கீலின் முகவரி எழுதியிருக்கிறேன். நாணயமானவர். அவரிடம் போகும்போது என் பெயரைச் சொல்லாதே.

உன்
ஏரல்காரி