வாய் திறக்காத அம்மா

அன்பு மகள் குட்டிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவுக்கு முட்டிவலிதான் வருவதும் போவதுமாக இருக்கிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும்.

பகலில் போன் செய்தால் அம்மா எடுப்பதே இல்லை என்று அப்பாவிடம் குறைப்பட்டாயாம். கோபித்துக்கொள்ளாதே குட்டி. பறவைக் காப்பகத்தில் இந்த வருஷம் என்னைக் குஞ்சு வளர்க்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கூடு வெள்ளத்தில் முழுகிப்போன பெருங்கொக்கின் முட்டையை எடுத்துவந்து பொரிக்கவைத்த குஞ்சு. குளத்தோரம் நிற்கிற சின்ன வெள்ளைக் கொக்கு என்று நினைக்காதே, இது வளர்ந்தால் என் தோள் உயரம் வரும். அதன் எதிரில் மனிதக் குரல் கேட்கக் கூடாது, முகம் தெரியக் கூடாது. தலையோடு கால் மூடுகிற சாம்பல் நிற அங்கி, கையில் கொக்குத் தலை போல ஓர் உறை, அந்த அலகால்தான் ஊட்ட வேண்டும். மனிதர்களை நம்பிப் பழகிவிட்டால் அது வெளியே பிழைக்காது, அப்புறம் ஆயுசுக்கும் கூண்டுதான். வாயாடி என்று பெயர் வாங்கிய என்னைப் போய் இதற்குப் பிடித்தார்களே! பகலெல்லாம் அடக்கிவைத்ததை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொட்டுகிறேன், அவரோ அந்த அங்கியை இங்கேயும் கொண்டுவந்துவிடேன் என்கிறார்.

இந்தக் குஞ்சுக்கு ஒரு கால் கொஞ்சம் வளைந்திருந்ததால் பறவை டாக்டரம்மா அடிக்கடி தூக்கிக் கட்டுப்போட வேண்டியதாயிற்று. அதில் மனிதர்களோடு ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று எல்லோருக்கும் கவலை. இறக்கை முளைத்து நன்றாக வளர்ந்துவிட்டதும் போன வாரம் சோதித்துப் பார்த்தார்கள். அங்கி இல்லாமல் நீங்களே உள்ளே போங்க, பயந்து ஓடினால்தான் வெளியே விடுவேன், கிட்டே வந்தால் கூண்டுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டு உடுப்போடு போனேன். பொய் சொல்ல மாட்டேன், என்னை அடையாளம் கண்டுகொள்ளாதா என்று ஒரு நப்பாசை இருந்தது. தலையைத் தூக்கி ஒரே ஒரு பார்வை பார்த்தது. அவ்வளவுதான், இறக்கையை விரித்து ஓட்டமாய் ஓடி, பட்டி வேலிக்கு மேலே அப்படியே எழும்பிவிட்டது! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது குட்டி. பறக்க நான் எங்கே சொல்லிக்கொடுத்தேன், இந்தக் குண்டு உடம்பை வைத்துக்கொண்டு அங்கியை வீசி வீசி ஓடிக்காட்டியதுதான். மேலே காட்டுக் கொக்குக் கூட்டம் வானமே அதிர எக்காளமாய்க் கூப்பிட்டுக்கொண்டு போனது, இதுவும் பின்னாலேயே போய்விட்டது. இந்த உலகத்தில் என்னென்னவோ இருக்கிறது, நாம்தான் அண்ணாந்து பார்ப்பதில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், டாக்டரம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

முன்பெல்லாம் தகரத்தைத் தட்டிக் கொக்குகளை விரட்டுவாரே பக்கத்து வயல்காரர், அவரே இப்போது அறுத்த வயலில் ஒரு மூலையை உழாமல் விட்டுவைத்திருக்கிறார், கூட்டம் அங்கேதான் இறங்குகிறது. நேற்று அவர் போனில் கூப்பிட்டு, உங்க பிள்ளை எங்க வயல்லதாம்மா மேயுது, நடையில லேசா ஒரு சாய்வு இருக்கே, அதான் கண்டுபிடிச்சேன், நான் தும்முனதுக்கே பறந்து போயிடுச்சு என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நீ நினைத்தது எல்லாம் கைகூடி நீண்ட நாள் நன்றாக இரு. குளிருக்குக் காலுறை இல்லாமல் தரையில் நடக்காதே. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, மறக்காமல் வீடியோவில் கூப்பிடு. இந்த முகத்தைப் பார்த்து ஓடாத பிள்ளை எனக்கு நீ ஒருத்திதான்.

இப்படிக்கு,
உன் அம்மா