மூன்று சர்வரும் ஒரே இயந்திரத்தில்

அன்புள்ள ஆர்லன்,

நேற்றுக் காலை சர்வர் அறையில் இருந்தது மூன்றே பேர்: மேலாளர் கர்ட்டிஸ், என்னோடு வேலை செய்யும் யொலாண்டா, நான். கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

வெள்ள நிவாரணத்துக்குப் பதிவு செய்ய இணையத்தில் வரும் கூட்டத்தை மூன்று மெய்நிகர் சர்வர்களுக்கு, அதாவது இயந்திரத்துக்குள் மென்பொருளாகவே ஓடும் சர்வர்களுக்கு, பங்கிட்டு அனுப்புவதுதான் இங்கே எங்கள் ஏற்பாடு. ஒன்று விழுந்தால் மற்ற இரண்டும் தாங்க வேண்டும். எது எந்த இயந்திரத்தில் ஓடுகிறதென்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். மூன்றும் ஒரே இயந்திரத்துக்குள் இருந்தன! அது நின்றால் மூன்றும் சேர்ந்தே விழும்.

கர்ட்டிஸ் சிரித்தார். “மார்லிஸ் மேடம், வீட்டு அடுப்படியில உக்காந்து கம்ப்யூட்டர் படிச்சதையெல்லாம் இங்க காட்டாதீங்க. திரையில மூணும் பச்சையாத்தானே இருக்கு? சரின்னு கையெழுத்துப் போடுங்க.”

“நாளைக்குத்தானே பதிவைத் திறக்கிறோம்? இப்பவே அந்த இயந்திரத்த நிறுத்திப் பாத்துடலாம்” என்று சொல்லி, அவர் வாய் திறக்குமுன் நிறுத்திவிட்டேன். மூன்றும் ஒன்றாகச் சிவப்பாயின.

“இப்ப என்ன கலர் தெரியுது, கர்ட்டிஸ்?” என்றாள் யொலாண்டா.

இரவுக்குள் மூன்றையும் வேறு வேறு இயந்திரங்களுக்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் கேட்காமல் கை வைத்ததற்கு நான் கர்ட்டிஸுக்கு மன்னிப்பு எழுதித் தர வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் வேலை இல்லையாம். ஜெபம் பண்ணிப் பார்த்தேன், மனசு அசையவில்லை. எழுத மாட்டேன்.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள். சாப்பாட்டுக்கு முன் நீங்கள் சொல்லும் ஜெபத்தையும் போனில் பதிவு செய்து அனுப்புங்கள்; இங்கே தனியாகத்தான் சாப்பிடுகிறேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. வேலை போனால் நம் வீட்டுக்கே வந்துவிடுவேன், உங்களுக்குச் சம்மதமா? வெள்ளிக்கு முன் பதில் எழுதுங்கள்.

மார்லிஸ்