வாப்பா வாங்கிவந்த அளவு நாடா

திருகோணமலை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள றிஷானா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன். எனக்குப் பாதகமானதையும் மறைக்க மாட்டேன். சட்டம் படிக்க நினைக்கிறவள் இங்கேயிருந்தாவது தொடங்க வேண்டும்.

வீட்டில் ஒரே போன்தான். நீங்கள் கோல் எடுத்தால் வாப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். அதனால் கடிதம். மீன் லொறியில் கொழும்புக்கு வரும் முனீப் மாமாவிடம் விடியவே கொடுப்பேன். கடிதம் மீன் மணந்தால் கோபிக்காதீர்கள்.

உயர்தர வகுப்புக்குப் பாடம் தெரிவுசெய்யத் திங்கட்கிழமை வாப்பாவோடு பள்ளிக்கூடம் போக வேண்டும். புஸ்பராணி ரீச்சர் திட்டம் போட்டுத் தந்தார்: அரசறிவியல், அளவையியல், ஆங்கில இலக்கியம். பரீட்சையில் நல்ல இசட் புள்ளி எடுத்தால் சட்டபீடம். யாழ்ப்பாணமோ பேராதனையோ கொழும்போ, எங்கே கிடைத்தாலும் ஊரை விட்டுப் போகத்தான் வேண்டும். அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வாப்பாவிடம் பாடங்களின் பெயரை மட்டும் சொன்னேன். "அளவையியலா? கட்டாயம் படிங்க புள்ள" என்றார். அவ்வளவு இலேசாக ஓம் என்பார் என்று நான் நினைக்கவில்லை.

காரணம் இன்றைக்குத்தான் விளங்கியது. மீன் இறக்கும் ஜெட்டியில் வாப்பாவின் ஐஸ் வாடிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அங்கே நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "என்ட மகள் அளவை படிக்கப் போறா. சேவயர் ஆனதும் முதல் வேலை எங்கட குறிஞ்சாக்கேணி வயல்தான். பக்கத்து வயல் கலீலுர் றஹ்மான்ட வரம்பு போகத்துக்குப் போகம் எங்கட பக்கம் நடந்து வருகுது. அது எங்க நிக்கவேணும் எண்டு என்ட புள்ள காட்டுவா."

"அதுக்குள்ள வரம்பு உங்கட குசினி அடுப்படிக்கு வந்திரும் மச்சான்" என்றார் முனீப் மாமா. எல்லோரும் சிரித்தார்கள், வாப்பாவும்தான்.

ராத்தா, அளவையியல் நில அளவை இல்லை. ஒன்றிலிருந்து ஒன்று நியாயமாக வருகிறதா என்று பார்க்கும் படிப்பு. அதைச் சொல்ல நான் வாயெடுத்தபோது வாப்பா பையிலிருந்து ஒரு அளவு நாடாவை எடுத்தார். மஞ்சள் நிறம், சுற்றுவதற்குக் கைபிடி. "இப்பவே பழகிக்கொள்ளுங்க மகள்" என்றார். பின்னேரம் முழுக்க இருவரும் வீட்டு மதிலை அளந்தோம். மற்ற நுனியை அவர்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்படி வாதம் கட்டிப் பார்த்தேன். வரம்பு எங்கே என்று நிலம் அளக்கும் சேவயர் காட்டுவார். காட்டிய பிறகும் கலீலுர் றஹ்மான் காக்கா ஏற்காவிட்டால் வழக்குப் பேசச் சட்டத்தரணி வேண்டும். ஆகவே வாப்பாவுக்கு வேண்டியது சட்டம் படித்த மகள். முடிவு சரியாகத்தான் வருகிறது. ஆனால் வாப்பாவின் முகத்தைப் பார்த்தால் முதல் வரியே வாயில் வருவதில்லை. அதைவிட, வரம்பு உண்மையில் நகர்ந்ததா என்று எனக்கு இன்னும் தெரியாது. இதை வாப்பாவிடம் சொல்லவே ஏலாது. எழும்புகிறேன், திரும்ப இருக்கிறேன், துறைமுகத்தில் கப்பல் ஊதினாலும் திடுக்கிடுகிறேன்.

நீங்கள் எனக்காகக் கதைக்க வேண்டாம். நானே சொல்வேன். ஞாயிறு அசர் தொழுகைக்குப் பிறகு கோல் எடுத்து, லைனில் இருந்தால் போதும். வாப்பா ஸ்பீக்கரில் போடுவார். நாடாவைப் பற்றிச் சொன்னால் மட்டும், ராத்தா, தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள்.

உங்களுக்காகத் துஆ செய்யும் தங்கச்சி,
நஸ்ரின்

பி.கு.: "அளந்தது போதும், படுங்க புள்ள" என்று சொல்லி வாப்பா லைட்டை நூர்த்துவிட்டார். இந்த வரி கோணலாகப் போயிருந்தால் அதுதான் காரணம்.