வாசலில் நிற்காத கார்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், கவலை வேண்டாம்.

சென்ற வாரம் என் காரின் ஏ.சி. வண்டி ஓடும்போது குளிர்ந்தது, சிக்னலில் நின்றால் அனலாக ஊதியது. "கேஸ் இருக்கும்மா. முன்னாடி ஃபேன் சுத்தல. வண்டி ஓடுனா காத்து படும், நின்னா போச்சு" என்றார் மெக்கானிக். புது ஃபேன் மாட்டியதும் சரியாகிவிட்டது.

அந்த நாளில் நம் வீட்டுக் காருக்கும் இதே கோளாறுதானே? கல்லூரி விடும் நேரத்தில் வாசலில் நிற்காமல் ஹாரன் அடித்தபடி தெருவையே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். "ஒரு இடத்துல நிக்க மாட்டீங்களாப்பா? மானம் போகுது" என்று தோழிகள் முன் கத்தினேன். "ஏறும்மா, உள்ள ஜில்லுனு இருக்கு" என்றீர்கள். எனக்காகச் சுற்றினீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

அந்த ஹாரன் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புங்கள். நான் ஊருக்கு வரும் நாளில் ஸ்டேஷன் வாசலிலேயே காரோடு நில்லுங்கள் அப்பா. அனலடித்தாலும் ஏறிக்கொள்கிறேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்