பதினொன்றாம் சீட்டு

என் மெகர் அக்காவுக்கு,

நீ மண்ணுக்குள் போய் நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் ஒரே தெருவில் இருந்தும் உன்னோடு பேசாதவள் நான். இப்போது நானே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துக்கொள். இறங்கி வந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. உன்னிடம் கேட்க வேண்டியது இருக்கிறது.

முதலில் சேதி. என் மகள் செல்வி பெற்ற நிவேதா, ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரியில் பி.பி.ஏ. மூன்றாம் வருடம் படிக்கிறாள். அதில் ஃபைனான்ஸ் என்று ஒரு பிரிவு. பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எப்போது வந்தால் அதற்கு என்ன மதிப்பு, இதைத்தான் மூன்று வருடமாகப் படிக்கிறார்கள். ராஜபாளையத்தில் காலை பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறாள். பேங்கில் உட்கார வைக்கவா இம்புட்டுப் படிப்பு என்று தெருவில் ஒருத்தி கேட்டாள். யார் என்று உனக்கே தெரியும். அவளையும் நான் மறக்கப்போவதில்லை.

கடைசி வருடத்தில் ஒரு ப்ராஜெக்ட் எழுதி, வாத்தியார்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். மற்றப் பிள்ளைகள் பங்குச் சந்தை, இன்சூரன்ஸ் என்று எடுத்துக்கொள்ள, இவள் நம் மில்லுச் சீட்டை எடுத்துக்கொண்டாள். அதற்கு நோட்டே கிடையாதே என்றேன்.

"நோட்டு எதுக்கு? அதான் நீ இருக்கியே அம்மாச்சி" என்றாள்.

நான் சொல்லச் சொல்ல எழுதினாள். ஏழு வருடம், வருடத்துக்குப் பன்னிரண்டு பேர். மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் நம்மோடு நின்ற ஒருத்தியையும் விடவில்லை. வட்டி ஆகாது என்று ஏலச்சீட்டை ஒதுக்கிவிட்டு நீ குலுக்கல் சீட்டு நடத்தினாய். ஆளுக்கு மாதம் நூறு ரூபாய். பெயர்களைச் சொம்பில் போட்டுக் குலுக்கி, எவள் பெயர் வருகிறதோ அவளுக்கு முழுப் பணம். எடுப்பது ஏதாவது ஒரு பிள்ளை, வாசிப்பது நீ. மீதிச் சீட்டுகளை அடுப்பில் போட்டுவிடுவாய். மாதாமாதம் புதிதாக எழுதினால்தான் கள்ளம் இருக்காது என்பாய். நாங்களும் தலையாட்டினோம்.

யார் எந்த மாதம் வாங்கினாள் என்பதோடு, வாங்கி என்ன செய்தாள் என்பதும் சேர்ந்துதான் எனக்கு ஞாபகம் வரும். சண்முகத்தாய்க்கு விழுந்தது மகள் பிரசவத்துக்கு வந்திருந்த மாதம். ராமலட்சுமிக்கு விழுந்தது மழையில் சுவர் இடிந்த மாதம். இப்படியே சொல்லிக்கொண்டு போனேன். நிவேதா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"குலுக்கல்னா இப்படி விழாது அம்மாச்சி. யாருக்கு முடையோ அவியளுக்கே பார்த்துப் பார்த்து விழுந்திருக்கு. மீதிச் சீட்டை ஒரு தடவையாச்சும் யாராச்சும் பிரிச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஏழு வருடத்தில் ஒரு மாதம்கூடப் பார்க்கவில்லை. சொம்புக்குள் இருந்த எல்லாச் சீட்டிலும் ஒரே பெயரைத்தானே எழுதினாய், அக்கா?

அப்படியென்றால் அந்தக் கடைசி வருடம்? செல்வி பிளஸ் டூ முடித்து, இதே ஸ்ரீவில்லிபுத்தூரில் பி.காம். சேர இடம் கிடைத்திருந்தது. இந்த மாதம் எனக்குக் கொடு என்று உன் வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"விழுந்தா உனக்குத்தான் ஏட்டி. என் கையில என்ன இருக்கு?" என்றாய்.

செல்லம்மாவுக்கு விழுந்தது. அவள் மகனை மதுரைக்குக் கொண்டுபோய் ஆப்பரேசன் செய்தார்கள். செல்வி பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். வருடம் முடியும்வரை சீட்டுக் கட்டினேன், அதற்குப் பிறகு உன் முகத்தைப் பார்க்கவில்லை. நீ போன அன்றும் உன் வீட்டு வாசல்வரை வந்து நின்றேன். உள்ளே வரவில்லை.

எல்லாம் உன் கையில்தான் இருந்திருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கள்ளி என்றே எழுது என்று நிவேதாவிடம் சொன்னேன். அவள் எழுதவில்லை. நான் எத்தனாவது வாங்கினேன் என்று கேட்டாள். பதினொன்று. ஏழு வருடமும் பதினொன்றுதான். அது என் ராசி என்றே நினைத்திருந்தேன். அப்படியானால் பன்னிரண்டாவது யார் என்றாள். வேறு யார், சீட்டு நடத்துகிற மெகருதான் என்றேன்.

"நடத்துறவங்க எங்கயும் முதச் சீட்டைத்தான் எடுப்பாங்க" என்றாள். இன்றைக்குக் கையில் வரும் நூறு ரூபாய் அடுத்த வருடம் வரும் நூறைவிடப் பெரியது, அதனால் கடைசியில் வாங்குகிறவளுக்குத்தான் நட்டம் அதிகம் என்று பாடப் புத்தகத்தை வைத்து விளக்கினாள். பன்னிரண்டு பேரில் அதிகம் நட்டப்பட்டவள் நீதான் அக்கா. அடுத்தவள் நான்.

எனக்கு முன்னால் வாங்கிய பத்துப் பேரையும் முப்பது வருடமாக விரல்விட்டு எண்ணியிருக்கிறேன். எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தியை எண்ணவில்லை.

போன வாரம் கேள்வி கேட்கிற நாள். நோட்டும் இல்லை, நடந்ததோ மோசடி, இதை எப்படி ஏற்றுக்கொள்வது என்று ஒரு வாத்தியார் பிடித்துக்கொண்டாராம். சொன்னவரிடமே கேளுங்கள் என்று இவள் எனக்குப் போன் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

"அந்தம்மா உங்களையெல்லாம் ஏமாத்திட்டாங்களே பாட்டிம்மா?" என்றார்.

"ஏமாத்தத்தான் செஞ்சா. யாரைன்னும் சேத்து எழுதிக்கோங்க. என்னையும் அவளையும்தான். மத்த பத்துப் பேரும் நல்லாத்தான் இருக்காக."

 அவர் ஏழு வருடத்துப் பெயர்களையும் வரிசையாகக் கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். நீ யாரை ஏமாற்றினாய் என்று நான் சொன்னதை அப்படியே கடைசிப் பக்கத்தில் சேர்க்கச் சொன்னாராம். நிவேதா தேறிவிட்டாள். வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிக மார்க்.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. செல்லம்மா மகன் படுத்துக் கிடக்கிறான், நீ விட்டுக்கொடு என்று அன்றைக்கு ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். கொடுத்திருக்க மாட்டேன் என்று நினைத்தாயா? கொடுத்திருப்பேனா?

வருகிற வெள்ளிக்கிழமை நானும் செல்வியும் நிவேதாவும் அந்த ப்ராஜெக்ட் புத்தகத்தோடு உன் மகன் வீட்டுக்கு வருகிறோம். நீ எத்தனாவது சீட்டு எடுத்தாய் என்று உன் பேரப்பிள்ளைகளுக்கு நான்தான் வாசித்துக் காட்டப்போகிறேன். இந்தத் தடவை வாசலில் நிற்க மாட்டேன் அக்கா. உள்ளே வருவேன்.

உனக்கு முந்தின சீட்டுக்காரி,
உன் தங்கச்சி பேச்சியம்மாள்